சூசை மாமாவின் மீசை நேர்ச்சை

அரியலூரிலிருந்து திருமானூர் போகிற சாலையில் ஏலாக்குறிச்சிப் பிரிவு வந்தால் மரியசூசை மாமா துண்டை இழுத்து மீசையை மூடிக்கொள்வார். பிரிவு தாண்டியதும் துண்டு தோளுக்குத் திரும்பிவிடும். அவர் என் தாய்மாமா, பாரவண்டி ஓட்டினார். விடுமுறைதோறும் அந்த வண்டியில் போன நான், புழுதிக்காக என்றே வருஷக்கணக்கில் நினைத்திருந்தேன். மழைக்காலத்திலும் மூடுகிறாரே என்பது பி.ஏ. முடித்த பிறகுதான் உறைத்தது.

காரணம் மதார் ராவுத்தர். லப்பைக்குடிக்காட்டுக்காரர், அரியலூர்க் கடைத்தெருவில் மளிகை வைத்திருந்தார். மாமா அவருக்குச் சரக்கு ஏற்றுவார். தினம் ஒரு சண்டை போடாமல் இருவருக்கும் சோறு இறங்காது. மதாரின் ஒரே மகன் ஷஃபியுல்லா பினாங்கில் கடைவேலை பார்த்தான். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்ததும் சேதி நின்றுபோயிற்று. மதாரும் சண்டையை நிறுத்திவிட்டார். மாமா வேண்டுமென்றே ஒரு மூட்டையை மாற்றி இறக்கிப் பார்த்தார், மதார் ஏனென்றுகூடக் கேட்கவில்லை.

“துஆவுக்குக் கையை ஏந்துறேன் மச்சான். வாயில ஒண்ணும் வரமாட்டேங்குது,” என்றார் ஒருநாள்.

“வராட்டி உடு. உனக்கும் சேத்து நான் கேட்டுக்கறேன்.”

“உங்க மாதாவுக்கு எம் மவன எப்படித் தெரியும்?”

“அடையாளம் சொன்னா போச்சு.”

அப்படியே செய்தார். திருமானூருக்குச் சரக்கு கொண்டுபோகும்போதெல்லாம் வண்டியை ஏலாக்குறிச்சிக்குத் திருப்பி மாதா கோயிலில் முழங்காலிடுவார். மாடு காணாமற்போனவர் போலீசில் சொல்வதுபோல உரக்கச் சொல்வார்: ஒல்லி, மாநிறம், வலது காது கிழிந்திருக்கும். கூடவே ஒரு நேர்ச்சை: பையன் திரும்பினால் மீசையை மழித்துக் காணிக்கை. தலைமுடியைத்தான் நேர்ந்திருப்பார், அதை வழுக்கை முன்பே வாங்கிக்கொண்டிருந்தது. மீசையோ விளக்கெண்ணெய் தடவி வளர்த்தது.

ஒருமுறை மதாரும் வண்டியில் வந்தார். கோயில் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே மாமா ஆரம்பித்தார். ‘வலது காது’ என்றதும் மதாருக்குப் பொறுக்கவில்லை.

“எடது காதுடா பாவி. இத்தன நாளா யாரு புள்ளையக் கேட்டுக்கிட்டிருந்தே?”

சொன்ன வேகத்தில் வெளியே திரும்பிக் கைகளை ஏந்தினார். “யா அல்லா, எடது காது. சின்னப்புள்ளையில கெடா முட்டிக் கிழிச்சது.” அதற்கு மேல் பேச்சு தானாக வந்தது, அழுகையும் வந்தது. மாமா ஓசைப்படாமல் போய் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டுக் காத்திருந்தார். திரும்பும் வழியெல்லாம் இருவரும் காதுக்காகச் சண்டை போட்டார்களாம்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் ஷஃபியுல்லா வந்திறங்கினான், கிழிந்த இடது காதோடு. அப்போதுதான் ஏலாக்குறிச்சிப் பிரிவில் மாமாவின் துண்டு மீசைக்கு ஏறியது. மகள் கல்யாணம் ஆகட்டும் என்றார். சம்பந்தி முன்னால் மூளி முகத்தோடு நிற்க முடியுமா? பிறகு அறுப்பு முடியட்டும் என்றார்.

“ஜப்பான்காரனே எம் மவன விட்டுட்டான். நீ நாலு மசுர விடமாட்டேங்கிறியே,” என்பார் மதார்.

மகனைக் கொண்டுவந்தது வேண்டுதலா, கப்பலா என்று படித்த தைரியத்தில் அவரிடமே கேட்டேன்.

“கப்பல்தான் தம்பி. அதுவரைக்கும் என்னைக் கொண்டாந்தது யாரு?”

வேண்டுதலை நம்புகிறேனா என்பது இன்றும் எனக்குத் தெரியவில்லை.

போன மார்கழியில் மாமா காய்ச்சலில் போய்விட்டார். முகம் மழிக்க வந்தவரின் கத்தி மீசைக்கு வந்ததும் மதார் அவர் கையைப் பிடித்தார்.

“அதை உடுப்பா. அவன் குடுக்கறேன்னது. நாம எடுத்துக் குடுத்தா சேராது.”

ஷஃபியுல்லா மீசைக்கு எண்ணெய் தடவி முறுக்கிவிட்டான். பெட்டியை மூடுமுன் மதார் குனிந்து, மாமாவின் தோள்துண்டை இழுத்து மீசையை மூடினார். நேர்ச்சை இன்னும் பாக்கி.