தண்டலை முக்குவதா, கரையேற்றுவதா

கடலோரத்தில் உட்கார்ந்து நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. முடிவு தோன்றவில்லை என்றால் ஆளைக் கடலில் முக்கிவிடலாம். மதுரைக்காரர்கள் பாவம், பஸ்ஸை மோதவிட வேண்டும், இல்லையென்றால் நோய் கொடுத்துப் பல அத்தியாயங்களுக்குப் படுக்கப்போட வேண்டும். தூத்துக்குடியில் ஒரு பெரிய அலை போதும். பிணம்கூடக் கிடைக்க வேண்டியதில்லை.

என் நாவலின் நாயகன் ஒரு தண்டல், அதாவது சரக்குத் தோணியை நடத்திப்போகிற தலைவன். வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருகிறவன். இவனுக்குச் சாவுதான் என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அதற்காகவே அவனை ரொம்ப நல்லவனாக வளர்த்தேன். கோயில் கொடையில் வெட்டுவதற்குக் கிடா வளர்ப்பது மாதிரிதான்.

ஒரே சிக்கல், என் அண்ணனும் தண்டல். அவன் குடும்பம் கீழ்வீட்டில், நான் மாடியில். மைனி, அதாவது அண்ணன் மனைவி, ஒவ்வொரு அத்தியாயத்தையும் சுடச்சுட வாங்கிப் படிப்பார். தண்டல் வீட்டுக் குழம்பில் புளி ஜாஸ்தி என்பதிலிருந்து அவன் பெண்டாட்டி எதற்கெடுத்தாலும் அழுகிறாள் என்பதுவரை அவருக்குக் குறைகள் உண்டு. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தபோது அண்ணன் மாலத்தீவுக்குத் தோணி ஏறினான்.

மறுநாளே மைனி மேலே வந்தார்.

“கொழுந்தனாரே, கடைசில அவனுக்கு என்ன ஆவுது?”

“முக்கிரலாம்னு இருக்கேன் மைனி” என்றேன், பெருமையாக.

மைனி சிலுவை போட்டுக்கொண்டார். “உங்க அண்ணன் கடல்ல கெடக்காவ. இப்பத்தான் உங்களுக்கு ஆள முக்கணுமாக்கும்? அவிய வந்து சேரட்டும். அப்புறம் யார வேணும்னாலும் கொல்லுங்க.”

அன்று முதல் கீழேயிருந்து மீன்குழம்பு வரவில்லை. இலக்கியத்துக்காக எதை வேண்டுமானாலும் விடுவேன், மைனி வைக்கிற சாளைக் குழம்பை விடமுடியாது. சென்னையிலிருந்து பதிப்பாசிரியரோ, “வாசகன் அழணும் சார்” என்று போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

தண்டலைத் திரும்பி வரவைத்துப் பார்த்தேன், சினிமா மாதிரி இருந்தது. தீவிலேயே இன்னொரு கல்யாணம் செய்துவைத்தேன். மைனி அதைப் படித்தால் மாடிக்குத் தண்ணீரும் ஏறாது என்று கிழித்துப்போட்டேன். கடைசியில் ஒரு சொல்தான் கைகொடுத்தது. எங்கள் வீடுகளில் கடைக்குக் கிளம்புகிறவன்கூட ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது, ‘வாரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே தண்டல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “வாரேன்” என்கிறான். அதோடு நாவலை முடித்துவிட்டேன்.

“வாரேன்னுல்லா சொல்லுதான், அப்ப வந்துருவான்” என்றார் மைனி. மத்தியானமே குழம்பு வந்தது. பதிப்பாசிரியரும் கூப்பிட்டார். “பிரமாதம் சார். போனவன் திரும்பவே மாட்டான்ல?” வாசகர் கையில் விட்டுவிட்டேன் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுத் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அப்புறம் காற்று மாறியது. வரவேண்டிய நாள் தாண்டியும் அண்ணனின் தோணி வரவில்லை. போனும் போகவில்லை. முதலாளி ஆபீசில் “வந்துரும்” என்றார்கள், அவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். ஒருநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மைனி மாடியேறி வந்தார்.

“அவன் வந்தானா?”

“இன்னும் தகவல் இல்ல மைனி. ஆபீசுல போய்க் கேக்கேன்.”

“உங்க அண்ணனக் கேக்கல. நீங்க எழுதுன தண்டல். வாரேன்னு சொல்லிட்டுப் போனான்லா, வந்தானா இல்லியா?”

“அது வாசகர் கையில…”

“வாசகர்ட்ட நான் கேக்கல. எழுதுனது நீங்க. உங்களுக்குத் தெரியும்லா.”

மைனி அழவில்லை. மாடிப்படிக் கம்பியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவன் என் அண்ணன்.

“வந்துட்டான் மைனி” என்றேன்.

“எப்ப?”

“காலைல. பிள்ளையள் பள்ளிக்கூடம் கெளம்புத நேரம்.”

“சாப்ட்டானா?”

“பழைய சோறு இருந்துச்சு. சாளக் கொழம்பு ஊத்தித் தின்னான்.”

“ஏன் இத்தன நாளா ஒரு போன்கூட இல்ல?”

“எஞ்சின் மக்கர். ஒரு தீவுல ஒதுங்கிக் கெடந்தான். அங்கன டவர் கெடையாது.”

மைனி கேட்கக் கேட்க, வாயில் பேஸ்ட் நுரையோடு முழு அத்தியாயத்தையும் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப அத எழுதுங்க” என்று சொல்லிக் கீழே இறங்கினார்.

சொன்னதைச் சொன்னபடியே எழுதி அன்றைக்கே அனுப்பினேன். பதிப்பாசிரியர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “கெடுத்துட்டீங்க சார். வீடு வந்து சேர்ந்து சோறு தின்னா எவன் சார் அழுவான்?”

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் வந்தான். எஞ்சின் நன்றாகத்தான் இருந்ததாம், காற்றுக்குப் பயந்து ஒதுங்கியிருந்தார்களாம். கைகால் கழுவிவிட்டு நேரே சோற்றுக்கு உட்கார்ந்தான். மைனி சிரித்துக்கொண்டே பரிமாறினார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.