மாமா அணைக்காத கற்பூரம்

என் மாமா பொய் சொல்லமாட்டார் என்பது, யுத்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு அரிசித் தட்டுப்பாட்டைவிடப் பெரிய தொல்லையாக இருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் இரண்டு அறை வீட்டில் எங்களோடுதான் இருந்தார். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வங்காளத்தில் பஞ்சம் என்று பத்திரிகையில் படித்ததும் லீவு போட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார். லீவு முடிந்தும் வரவில்லை, வேலை போயிற்று. அங்கே குழந்தைகளுக்குப் பால் காய்ச்சி ஊற்றும் ஒரு கூடத்தில் சேர்ந்துகொண்டாராம். அதை நடத்தியவர்கள் குவேக்கர்கள் என்னும் வெள்ளைக்காரர்கள். கோவிலும் பூசாரியும் இல்லாத ஒரு வகைக் கிறிஸ்தவர்கள் என்று அப்பா யாரிடமோ விசாரித்து வந்து சொன்னார். திரும்பி வந்த மாமாவிடம் தாடியும் இல்லை, காவியும் இல்லை, பூணூல் இருந்த இடத்தில் இருந்தது. ஆகவே யாருக்கும் உடனே சந்தேகம் வரவில்லை.

மாறுதல் வேறு வழியாக வந்தது. பூனாவுக்கு மாற்றலாகிப் போன பெரியப்பாவின் ரேஷன் கார்டு எங்களிடமே தங்கியிருந்தது. அதில் வரும் சர்க்கரையில்தான் எங்கள் பாயசம். மாமா அதை ரேஷன் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஏதோ நல்ல காரியம் செய்தவர்போல விசிலடித்துக்கொண்டு வந்தார். அம்மா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. இன்னொரு நாள் பஜனை கமிட்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்கமாட்டார். அப்பா உள்ளே இருந்தபடி, இல்லை என்று சொல்லும்படி ஜாடை காட்டினார்.

"அத்திம்பேர் இருக்கார்," என்றார் மாமா. "இப்போ உங்களைப் பார்க்க இஷ்டமில்லையாம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் பைகுல்லாவில் குவேக்கர்கள் கூடும் ஒரு வீட்டுக்குப் போவார். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனார். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஐந்தாறு பேர் கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பூஜை எப்போது ஆரம்பிக்கும் என்று நான் காத்திருந்தேன். திடீரென்று எல்லோரும் கை குலுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். டிராமில் திரும்பும்போது, என்னதான் செய்தீர்கள் என்று நச்சரித்தேன்.

"ஒவ்வொருத்தருக்குள்ளேயும் ஒரு வெளிச்சம் இருக்குடி. சத்தம் போடாம உட்கார்ந்தா தெரியும்."

"தெரிஞ்சப்புறம்?"

"எழுந்து போய் அதும்படி நடக்கணும். அதுதான் கஷ்டம்."

எதிர்ச்சாரிக் கட்டடத்தில் ஒரு டீச்சரிடம் நான் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தேன். அவளுக்கு இருபது வயதுதான் இருக்கும். என்னை அழைத்துப்போக மாமா வந்து மாடிப்படியில் நிற்பார். அவர் நிற்கிற நாட்களில் மட்டும் கடைசிப் பாட்டு நீண்டுகொண்டே போகும். இதைப் பெரியவர்களும் கவனித்திருக்க வேண்டும். மாமாவுக்கு வேறு வேலை கிடைத்ததும் ஜாதகம் பார்த்தார்கள். பொருந்தியது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். மாமா சவரம் செய்துகொள்ளும்போது அதே பாட்டைச் சுருதி இல்லாமல் முணுமுணுத்தார்.

அன்று டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து, தட்டில் வெற்றிலையும் பழமும் எடுத்து வைத்தாகிவிட்டது. பெண்டுகளெல்லாம் டீச்சரோடு உள்ளே இருந்தார்கள். நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். லக்னப் பத்திரிகை வாசிக்கப்போகிற நேரத்தில் பெண்ணின் பெரியப்பா தொண்டையைச் செருமினார். அவர் வேறு யாருமில்லை, அந்த பஜனை கமிட்டிக்காரர்தான்.

"மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை எங்கேயோ போறார்னு கேள்வி. மதம் கிதம் மாறிட்டாரோ?"

"இல்லே. மாறலை," என்றார் மாமா.

"சந்தோஷம். சாமி படத்துக்கு முன்னாடி கற்பூரம் அணைச்சு ஒரு சத்தியம் பண்ணிடுங்கோ. எல்லாருக்கும் நிம்மதி."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்துவிட்டு ஒருவன் பொய் சொன்னால் குலம் விளங்காது என்பார்கள். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வந்தது. பொய்யே சொல்லாதவனுக்கு இது ஒரு பரீட்சையா என்று நினைத்திருப்பார்.

கற்பூரம் ஏற்றினார்கள். மாமா கையை நீட்டவில்லை.

"மாறலேன்னு சொல்லிட்டேனே. சத்தியம் பண்ணினாத்தான் நெஜம்னா, பண்ணாம இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் என்ன? அதைவிடப் பெரிசா ஒரு 'இல்லே' என்கிட்டே இல்லே."

"டேய், நெஜத்துக்குத்தானேடா சத்தியம். கையை வெச்சா என்ன?" என்று அப்பா அவர் காதோரம் கெஞ்சினார். மாமா உள்ளறைக் கதவை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். கற்பூரம் பாதி கரைந்துவிட்டது. அப்போது அப்பா சட்டென்று எழுந்து தம் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினார்.

"என் மச்சினன் பொய் சொல்லமாட்டான். இது சத்தியம்."

"நீங்க ஏன் வெக்கணும்? அவரே வெக்கட்டுமே," என்றார் கமிட்டிக்காரர்.

பெண்ணின் அப்பா தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோனார். அந்த இடத்தில் ஒரு பொய்யன் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே நிச்சயம் நடந்திருக்கும்.

மாமா நெருப்புக்குப் பயந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். சீக்கிரம் கையை எடுத்துவிட்டால் சுடாது, நான் சொல்லித் தருகிறேன் என்று தெருவிலேயே அவரிடம் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். திட்டப்போகிறார் என்று நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கையைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை பிறந்ததும் டீச்சரை நாக்பூரில் கொடுப்பதென்று ஏற்பாடாயிற்று. அதற்கு முன்னால் கடைசியாகப் பாட்டுக்குப் போன அன்று டீச்சர் சுருதிப்பெட்டியைத் திறக்கவே இல்லை. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ கூடத்துலதானே இருந்தே. அன்னிக்கு உங்க மாமா என்ன சொன்னார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுடி."

சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னாள். ஒரு வார்த்தையை மாற்றிவிட்டேன் போலிருக்கிறது. முன்னே அப்படிச் சொல்லவில்லையே என்று, பாட்டில் சங்கதி தவறினால் நிறுத்துவதுபோல என்னை நிறுத்தித் திருத்தினாள். சொல்லும்போது அவர் குரல் எப்படி இருந்தது என்று கேட்டாள். எப்பவும் போலத்தான் என்றேன். அவள் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

இன்றைக்குக் கல்லூரியில் தர்க்கம் படிக்கிறேன், மாமாவின் பேச்சிலிருந்த நியாயம் பிடிபடுகிறது. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாட்டு நேரம் முழுக்க வீணாகிறது. தன் கல்யாணத்தையே நிறுத்திவிட்ட ஒரு பேச்சை ஒருத்தி எதற்காக இப்படி உட்கார்ந்து பாடம் பண்ணுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.