மேஜரைக் கேட்டு ஓர் ஆள்

"டாக்டரம்மா இருக்காங்களா?"

வருகிறவர்கள் எல்லோரும் இதையேதான் கேட்டார்கள். என் அக்காவின் பல் கிளினிக்கில் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். வெளிநாட்டு வேலையிலிருந்து ஒன்றரை மாத விடுமுறையில் வந்திருந்த நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். சும்மா விட்டால் திரும்பிப் போவதை நினைத்தே நகத்தைக் கடித்துத் தீர்த்துவிடுவேன் என்று அக்கா செய்த ஏற்பாடு அது.

"இருக்காங்க. முன்னாடி நாலு பேர் இருக்காங்க, ஒன்றரை மணி நேரம் ஆகும். பக்கத்து ரூம்ல இன்னொரு டாக்டர் இருக்கார். உடனே பாப்பார்."

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார். உள்ளே புத்தம்புதிய நீல நாற்காலி, அதன் அருகே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக என் அத்தான்.

"பரவாயில்ல தம்பி. மூணு நாளா இருக்கிற வலி. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்துட்டுப் போகட்டும்."

அத்தானுக்கு அது கேட்டுவிட்டது. கேட்காமல் எப்படி இருக்கும், நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

தெரு அவரை மேஜர் என்றது. ஓய்வு பெறும்போது அதற்கும் ஒரு படி மேலே போயிருந்தார். ஆரம்பத்தில் இரண்டொருவரிடம் திருத்திப் பார்த்தார். தெருவின் வாயில் மேஜர்தான் நுழைந்தது. விட்டுவிட்டார்.

பல் மருத்துவம் படித்து முடித்த வருடமே ராணுவத்தில் சேர்ந்தவர் அவர். சொந்தமாகக் கிளினிக் வைக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ராணுவம் சீருடை கொடுத்தது, இருக்க இடம் கொடுத்தது, எல்லாவற்றுக்கும் மேலாக நோயாளிகளைக் கொடுத்தது. காலையில் பட்டியல் வரும். பட்டியலுக்குப் பின்னாலேயே ஆட்கள் வரிசையாக வருவார்கள். ஒரு படைப்பிரிவு கிளம்புவதற்கு முன் அதிலுள்ள ஒவ்வொரு வாயும் சீராக இருந்தாக வேண்டும். மலை உச்சியில் காவல் நிற்கிறவனுக்குப் பல்வலி வந்தால் யார் போய்ப் பார்ப்பது? கூடாரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு நான்கு நாளில் இருநூறு வாய்களை முடித்திருக்கிறார்.

"ஒருத்தன் முனகினதில்ல மச்சான். ஒருத்தன்" என்பார் என்னிடம். பதக்கங்களைக்கூட ஏதோ ஒரு பெட்டியில் போட்டு மறந்துவிட்டார். இதை மட்டும் மறக்காமல் சொல்வார்.

அக்காவும் பல் டாக்டர்தான். கல்யாணமான புதிதில் இரண்டு ஊர்களுக்கு அவர் பின்னாலேயே மூட்டை கட்டினாள். மூன்றாவது மாற்றல் உத்தரவு வந்தபோது கையில் குழந்தை. அவர் மட்டும் போனார். அவள் வீட்டின் முன்னறையில், யாரோ கழித்துவிட்ட பழைய நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்தாள். பதினான்கு வருடம் ஆகிவிட்டது. குழந்தை வளர்ந்து வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அந்த நாற்காலி இன்னும் உயர்த்தும்போது ஒரு முறை குலுங்கும். தெருமுனைத் தையல்கார அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் தலையணை தைத்துக் கொடுத்திருந்தார்.

அத்தான் ஓய்வு பெற்று வந்ததும் முன்னறையை ஒட்டிக் கார் நிற்கும் இடத்தைப் பலகையால் தடுத்து அறையாக்கினார். அக்காவுடையதைவிட எல்லாவற்றிலும் உயர்ந்த நாற்காலி, விளக்கு, கருவிகள். தான் வந்து நின்றாலே கூட்டம் சேரும் என்று அவர் நம்பியதில் தப்பு சொல்ல முடியாது. பத்தொன்பது வருடமாக அப்படித்தானே சேர்ந்தது. அறை திறந்து ஐந்து மாதம் ஆகிறது. தையல்கார அம்மா தைத்த தலையணையை அவர் பார்க்கிற பார்வையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தலையணைமேல் மனிதர் பொறாமைப்பட முடியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் வந்து ஒரு வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. எங்கோ ஒரு சுரங்கக் கம்பெனி, தொழிலாளர் முகாமில் தங்கிப் பார்க்கப் பல் டாக்டர் கேட்டிருந்தது. மூன்று வருட ஒப்பந்தம். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும்.

"அங்க லிஸ்ட் போட்டு அனுப்புவாங்களாம்" என்றார் அத்தான், சாப்பாட்டு மேசையில். குரலில் ஆசை தெரிந்தது.

அக்கா தட்டிலிருந்து நிமிரவில்லை. "பதினாலு வருஷம் ஃபோன்லயே குடும்பம் நடத்தியாச்சு. இன்னும் மூணு வருஷமா?"

"இங்க நான் எதுக்கு? உன் க்யூவுக்குக் காவல் நிக்கவா?" கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்: "இந்த மாசம் முடியறதுக்குள்ள என்னைக் கேட்டு ஒரே ஒரு ஆள் வரட்டும். நீ அனுப்பி வெக்கிற ஆள் வேணாம். அவங்களா 'மேஜரைப் பாக்கணும்'னு வரணும். வந்தா இருக்கேன். வரலேன்னா கிளம்பறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அன்றிலிருந்து கதவு திறக்கும்போதெல்லாம் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கிவிடுவேன். வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் மனதுக்குள் வேண்டிக்கொள்வேன். அவர் திறந்தால், "டாக்டரம்மா இருக்காங்களா?"

வேலை இல்லாத மனிதருக்குக் காது கூர்மையாகிவிடுகிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்காவின் பல் குடையும் மிஷின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அது ஓடும், நிற்கும், அக்கா ஏதோ பேசுவாள், மறுபடி ஓடும், நிற்கும்.

"கேட்டியா? விக்கல் எடுக்கிற மாதிரி நின்னு நின்னு ஓடுது. கை பழகின ஆள் பல்லுல வெச்சா முடிக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது. பதினோரு நிமிஷ வேலைக்கு அரை மணி நேரம். இதுக்கா காத்துக் கெடக்காங்க?"

"அக்கா பேசிட்டே பண்ணுவா அத்தான்."

"வாயைப் பொளந்து வெச்சிருக்கிறவன்கிட்ட என்ன பேச்சு?"

ஐந்து மாதத்தில் அவருக்கு வாய்த்தவர்கள் மிகச் சிலர். அக்கா வெளியூர் போயிருந்த நாளில் அகப்பட்டுக்கொண்ட தையல்கார அம்மாவும் அதில் ஒருவர். பதினோரு நிமிடத்தில் அடைத்து அனுப்பினார். அவ்வளவு சுத்தமான வேலையைத் தன்னால் செய்ய முடியாது என்று அக்காவே என்னிடம் சொன்னாள். அந்த அம்மா அடுத்த பல்லுக்கு வந்தபோது நேராக அக்கா பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஜாடையாகக் கேட்டேன்.

"அவர் வேலைக்கு என்ன குறை? ஒண்ணுமில்ல" என்றார். "ஆனா எனக்கு டாக்டரம்மாதான்."

மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அக்காவின் வலது கன்னம் லேசாக வீங்கியது. நோயாளிகளிடம் முகமூடிக்குள் மறைத்தாள். அத்தானிடம் சளி என்றாள். காலை பத்து மணிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். அங்கே அவள் கல்லூரியில் அவளுக்கு ஜூனியராகப் படித்த ஒருவரின் கிளினிக் இருந்தது. கடைத்தெரு டாக்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். நல்ல கூட்டம்.

"வீட்டுல ஒண்ணுக்கு ரெண்டா நாற்காலி இருக்கு. இங்க எதுக்குக்கா?"

"வாயை மூடிட்டு வா. வெளிய மூச்சு விடாத."

வேர் சிகிச்சை, மூன்று முறை வர வேண்டும் என்றார் கடைத்தெரு டாக்டர். முதல் முறை முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். வலது ஓரத்தில் அது அவளுக்குத் தெரியாமலே வழிந்து மோவாயில் இறங்கியது.

அத்தான் அந்தத் துளியையே பார்த்தார். வேறு வீடாக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

"யார் ஊசி போட்டது?" என்றார்.

அக்கா துடைத்துக்கொண்டாள்.

"கீழ்த்தாடை, வலது பக்கம். ஒண்ணரை மணி நேரம் ஆகியிருக்கும். யாரு?"

"கடைத்தெரு டாக்டர்."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "ஊர்ல இருக்கிறவங்க வரல, சரி. என் பொண்டாட்டி வாயைப் பாக்கறதுக்குக்கூட இன்னொருத்தன் வேணுமா?" என்றார், சோற்றைப் பார்த்துக்கொண்டே. "அந்தப் பையன் எத்தனை வாய் பாத்திருப்பான்? அவன்கிட்ட என்ன இருக்கு?"

"நான் கையைத் தூக்கினா நிறுத்துவான்."

"என்னது?"

"கல்யாணமான வருஷம், உங்க ஆஸ்பத்திரியில எனக்கு ஒரு பல் அடைச்சீங்களே, ஞாபகம் இருக்கா? வலிச்சுது. கையைத் தூக்கினேன். 'ஒரு நிமிஷம்'னு சொல்லி மொத்தத்தையும் முடிச்சீங்க. முடிச்சிட்டு, 'பாத்தியா, ஒண்ணுமில்ல'ன்னு சொன்னீங்க."

"அது பதினேழு வருஷம் ஆச்சு."

"அதுக்கப்புறம் என் வாயை உங்ககிட்ட காட்டினதே இல்ல. நீங்க கவனிக்கல."

அத்தான் யோசித்தார். உண்மையிலேயே கவனித்திருக்கவில்லை. "எவனும் கை தூக்கினதில்லையே" என்றார், அவளிடம் சொல்வதுபோல் இல்லாமல். "இருநூறு பேர்ல ஒருத்தன்கூட..."

"அவங்களுக்குத் தூக்கலாம்னு யார் சொன்னது? நீங்க ஆபீசர். நாற்காலிக் கைப்பிடியைப் புடிச்சுகிட்டு இருந்திருப்பாங்க."

மத்தியானம் முழுக்க அவர் தன் அறையில் இருந்தார். ஒரு முறை எட்டிப் பார்த்தேன். நோயாளியின் நாற்காலியில் தானே சாய்ந்து, இரண்டு கைப்பிடிகளையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது முறைக்கு அவரும் கிளம்பிவிட்டார். அக்கா வேண்டாம் என்றாள். அவர் காரை எடுத்தார். கடைத்தெரு டாக்டர் வாசல்வரை ஓடிவந்தார். "சார், வாங்க சார். உள்ள நின்னு பாக்கறீங்களா?"

"இல்ல. நான் கூட வந்தவன்."

காத்திருக்கும் பெஞ்சில் எனக்கும் ஒரு பெரியவருக்கும் நடுவே இடுங்கி உட்கார்ந்தார். பெரியவர் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்கு எந்தப் பல்லு? பயப்படாதீங்க. இவர் கை தங்கமான கை. இந்த ஊர்ல இவரை விட்டா ஆள் கெடையாது."

அத்தான் எதிர்ச் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். உள்ளே மிஷின் ஓடத் தொடங்கியது. நின்றது. ஓடியது. மறுபடி நின்றது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அவருடைய வலது கை விரல் ஒன்று முழங்காலில் மடங்கியது. கதவு திறந்து அக்கா வெளியே வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் பஸ் ஓட்டுநர் வந்தார். அக்காவின் வரிசை நீளம். வேலைக்கு நேரமாகிறது என்று வேறு வழியில்லாமல் அத்தான் பக்கம் போனார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் குரல் கேட்டது.

"வலிச்சா இடது கையைத் தூக்கணும். புரிஞ்சுதா?"

"சரிங்க சார்."

"எங்க, தூக்கு. இன்னும் உயர. ம். இறக்கு."

அணிவகுப்புதான் நடந்தது. ஓட்டுநர் வெளியே வரும்போது தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "மிஷினைக் கிட்ட கொண்டுவந்தாலே கை தானா போவுது தம்பி" என்றார். "போற போதெல்லாம் நிறுத்திட்டார். அது வரைக்கும் நல்ல மனுஷன்தான். ஆனா அடுத்த தடவை டாக்டரம்மாகிட்ட எழுதிடுங்க."

எழுதினேன். வேறென்ன செய்ய?

கடைத்தெருவில் அக்காவுக்கு மூன்றாவது முறையும் முடிந்தது. மாதத்தின் கடைசி நாள் காலை வரை மேஜரைக் கேட்டு யாரும் வரவில்லை. அத்தான் சுரங்கக் கம்பெனிக்கான பதிலை எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, மேசைமேல் வைத்திருந்தார். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தும் ஆகிவிட்டது. பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள். பதினொரு மணிக்கு அக்கா வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்து என் மேசைமுன் நின்றாள்.

"மேஜரைப் பாக்கணும்" என்றாள்.

"அக்கா..."

"பேரை எழுதுடா. கீழ்த்தாடை, வலது பக்கம். மேல கேப் போட பல்லைத் தேய்க்கணும்."

எழுதினேன். அவள் போய்ப் பெஞ்சில், தையல்கார அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பெஞ்சு முழுவதும் அவளையே பார்த்தது. "நீங்களே அங்கயா போறீங்க?" என்று தையல்கார அம்மா காதோடு கேட்டார். "ஆமா. கொஞ்சம் பயமாத்தான் இருக்கு" என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி.

அத்தான் கதவருகே வந்து நின்றிருந்தார். "கேப்புல என்ன வலி? அது நரம்பு எடுத்த பல்லு" என்றார் மெல்ல. "கஷ்டமான வேலை எல்லாம் அவனுக்கு. எனக்கு மிச்சமா?"

"இப்போதைக்கு அவ்வளவுதான் தைரியம் வருது."

"நீ அனுப்பற ஆள் வேணாம்னு சொல்லியிருந்தேன்."

"யாரும் அனுப்பல. நானா வந்திருக்கேன்."

அவர் நகர்ந்து வழிவிட்டார். நாற்காலியில் அவளைச் சாய்த்ததும் முதல் வேலையாக எக்ஸ்ரே எடுத்தார். கடைத்தெரு டாக்டர் அடைத்த வேர்களைத் திரையில் பெரிதாக்கி, நுனிவரை தேடித் தேடிப் பார்த்தார். ஏதாவது குறை கிடைக்காதா என்று அந்த முகம் கெஞ்சியது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை.

"பண்ணியிருக்கான்" என்றார் கடைசியில். அதற்குமேல் ஒரு சொல் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

பிறகு மிஷின் ஓடியது. நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடியது. பெஞ்சில் ஏழு பேரும் பேச்சை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

முகாமுக்கு எழுதிய பதிலை அன்று மத்தியானமே கிழித்துவிட்டு, வர இயலாது என்று நான்கு வரியில் வேறொன்று எழுதினார். பெஞ்சிலிருந்து யாரும் அவர் பக்கம் மாறிவிடவில்லை. பஸ் ஓட்டுநர்கூட அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு அக்காவிடம்தான் போனார். சாப்பிடும்போது அத்தான் தன் பாட்டுக்கு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று நிமிர்ந்தார்.

"அவன்கிட்ட எத்தனை தடவை கை தூக்கின?"

"எண்ணல."

"ஒம்பது. நான் எண்ணினேன்." தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். "என்கிட்ட நாலுதான்."

"செத்த பல்லுக்கு" என்றாள் அக்கா, "நாலே அதிகங்க."