ஒரே காட்சி, இரண்டு தடவை

எங்கள் வீட்டில் ஓடும் நாடகத்தில் மாமியார் ஒரு தடவை கை ஓங்கினால் மருமகளுக்கு இரண்டு அறை விழும். முதல் அறை வங்காளத்தில், அடுத்தது தமிழில். வங்காளத்துப் பாலிகஞ்சுக்கு மகன் வீட்டோடு வந்த பிறகு எனக்குப் பழகிப்போன விசித்திரம் இது.

அது இந்தி நாடகம். செல்போனில் ஓர் ஆப்பில் வருகிறது. "இந்தப் பல்சக்கரத்தைத் தொடும்மா, ஆடியோன்னு வரும். முதல் வரி இந்தி, ரெண்டாவது பெங்காலி, மூணாவது தமிழ்" என்று மகன் காட்டிக்கொடுத்தான். எனக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. வரியை எண்ணித் தொடுவேன். வாய் இந்திக்கு அசையும், காதில் தமிழ் விழும். முதலில் சிரிப்பாக இருந்தது. ஆனால் மகனும் மருமகளும் ஆபீசுக்குப் போய்விட்டால் பகல் முழுக்க நான் கேட்கிற தமிழ் அது ஒன்றுதான். திண்டுக்கல்லிலும் நான் வாயைத் திறந்து அதிகம் பேசியவள் இல்லை. ஆனால் காதுக்குப் பஞ்சமில்லை. கீரைக்காரி குரல், குழாயடிச் சண்டை எல்லாம் கேட்காமலே உள்ளே வரும். இங்கே கதவைச் சாத்தினால் மின்விசிறிச் சத்தம்தான்.

எதிர்வீட்டு ஷெஃபாலி திதி தனியாக இருந்தவர், என்னைவிட மூத்தவர்; அக்காவை இங்கே திதி என்கிறார்கள். ஒரு மதியம் கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்தவர், போனைப் பார்த்ததும், "ஓ மா! ஏட்டா தோ ஆமியோ தேகி!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரும் பார்க்கிற நாடகமாம். கூச்சத்தோடு இரண்டாவது வரியைத் தொட்டேன். அவர் போன பிறகு தமிழில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. அவர் சிரித்த இடத்தில் நானும் சிரித்து வைத்தேன். காட்சி முடிந்ததும் திதி என் முகத்தையே பார்த்தார். போனை வாங்கிக் காட்சியைப் பின்னுக்குத் தள்ளி, என்னிடம் நீட்டி, "எபார் தோமார்" என்றார். இப்போது உன் முறை என்று அவர் விரலே சொன்னது.

அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சியும் இரண்டு தடவை. தமிழ் ஓடும்போதும் திதி எழுந்து போகமாட்டார். "பாப் ரே! தமிழ் ஷாஷுடி பேஷி ராகி!" என்பார். தமிழ் மாமியாருக்குத்தான் கோபம் அதிகமாம்.

"ஆமா திதி, எங்க ஊர் மாமியார்னா சும்மாவா" என்பேன் தமிழிலேயே. அரை மணி நாடகம் மதியம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இருவருக்கும் அவசரம் ஒன்றுமில்லை.

நவராத்திரிப் பூஜை முடிந்ததும் திதியின் மகன் அவரைச் சாந்த்ராகாச்சிக்கு, தன் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அழைத்துக்கொண்டு போனான். ஆற்றுக்கு அந்தப் பக்கம். லிஃப்ட் வாசலில் திதி "ஆஷ்சி" என்றார். நம்மைப்போலவே அவர்களும் போகும்போது வருகிறேன் என்றுதான் சொல்கிறார்கள்.

"வாங்க திதி" என்றேன்.

ஒரு தடவை போன் செய்தார். "கேமோன் ஆச்சோ?" "பாலோ." நலமா, நலம். அதற்குமேல் முகமும் கையும் இல்லாமல் எங்களுக்குப் பேசத் தெரியவில்லை. 

இனி முழுக்கத் தமிழிலேயே பார்க்கலாம். பார்த்தேன். அரை மணியில் முடிந்துவிட்டது. மதியம் அப்படியே மிச்சமிருந்தது.

இன்று மாமியார் மறுபடி கை ஓங்கினாள். இரண்டாவது வரியைத் தொட்டு, போனைத் திதியின் நாற்காலிப் பக்கம் திருப்பிவைத்தேன். அங்கே அந்த அறை விழுந்து முடிந்த பிறகு, பின்னுக்குத் தள்ளி, மூன்றாவது வரியைத் தொட்டு என் பக்கம் திருப்பிக்கொண்டேன். மருமகள் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். அவள் வாய் இரண்டு பேச்சுக்கும் பொருந்தவில்லை.