அமுதாவின் எண்பத்து மூன்று

மல்லாட்டை வேகும் வாசனை... வேர்க்கடலையின் உப்பும் மண்ணும் கலந்த அந்த ஈர ஆவி. தெருமுனைத் தள்ளுவண்டியிலிருந்து அது எழும்போதெல்லாம் நான் சாலையின் மறுபக்கம் போய்விடுகிறேன்.

சொல்லிவிடுகிறேன். என் தங்கை வாங்கிய மதிப்பெண்ணை அவளிடமே நான் குறைத்துச் சொன்னேன். அவள் என்னை முந்திவிட்டாள்; அதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

என் மனைவிக்கும் இது தெரியாது. உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்கிற துணிச்சல்தான்!

நாற்பத்தைந்து வயதில் எனக்கு எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆசையா அது? வீட்டுக் கடன் கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் கிளையில் வேலை. என் தலைக்கு மேல் ஓர் இளைஞனை மேலாளராகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நல்ல பையன். என்னை 'சார்' என்றுதான் அழைப்பான். நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்துவிட்டு ஒருநாள் சிரித்தான். "கொஞ்சம் கவிதை மாதிரி இருக்கு சார்."

சிற்றிதழ்களில் அவ்வப்போது என் உரைநடைக் கவிதைகள் வரும். அதை எவரேனும் கவிதை என்று சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவன் நான். கடைசியில் சொன்னது அவன்! அந்த மாலையே இணையத்தில் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பதிந்துகொண்டேன்.

மாதிரித் தேர்வுகள் கணினியில். எழுதிய மறுநாள் காலை, பதிந்தவரின் கைப்பேசிக்கு ஓர் எண் வரும். நூறு பேரில் எத்தனை பேரை நீ முந்தியிருக்கிறாய் என்று சொல்லும் எண்.

எனக்கு வந்தது முப்பத்தெட்டு.

அடுத்தது நாற்பத்தொன்று. அதற்கடுத்தது, மறுபடியும் முப்பத்தெட்டு!

நாற்காலி சரியில்லை என்றேன். நெட் இழுக்கிறது என்றேன். பக்கத்து மனையில் போர் போடுகிற இரைச்சல் என்றேன். நாங்கள் இருப்பது வேங்கிக்கால், அண்ணாமலையார் ஊரின் விளிம்பு. எங்கள் தெருவில் எப்போதும் யாராவது வீடு கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். அதனால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு செங்கம் சாலைக்குப் போனேன், ஆசிரமத்துப் பக்கத்துக் காபிக் கடைகளுக்கு. அங்கே வெள்ளைக்காரர்கள் கண்மூடி உட்கார்ந்திருப்பார்கள். 'நான்' என்பதைத் தொலைத்துவிட்டுப் போகக் கடல் தாண்டி வந்தவர்கள்! அவர்கள் நடுவே, என் எண் என்ன, என் எண் என்ன என்று மனம் அரற்ற, வட்டி விகிதக் கணக்கோடு மல்லுக்கட்டினேன். நாற்பது வந்தது.

என் மனைவி சாந்திக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "ஏங்க, புள்ளைங்க ரிப்போர்ட் கார்டுல நீங்க கையெழுத்து போடுறீங்க. ஒங்களுக்கு யாரு போடறது, நானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிக்காதவள் ஒருத்திதான். அமுதா.

என்னைவிட ஒன்பது வயது இளையவள். செய்யாற்றில் கட்டிக்கொடுத்திருந்தோம், ஜவுளிக்கடைக் குடும்பத்தில். ஒருநாள் ஒற்றைப் பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பெரியவர்கள் வந்து துருவித் துருவிக் கேட்டார்கள். அடிச்சாரா? இல்லை. குடிக்கிறாரா? இல்லை. "பின்ன என்னம்மா கொற?" அவள் சொன்ன பதிலை அங்கே எவரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. "கடைக் கணக்கு மொத்தமும் நான்தான் பாக்கறேன். இதக் கொள்முதல் பண்ணாதீங்க, ஓடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா, எல்லார் எதிர்லயும் 'நீ கூட்டிப் போட்டுட்டு எந்திரி'ன்னு சொல்றாரு. எத்தினி வருஷம்ணா கூட்டிப் போட்டுட்டே எந்திரிக்கறது?"

கடைசியில் ஒரு தவணை பேசினார்கள். தை பிறந்ததும் அமுதா பதில் சொல்ல வேண்டும்.

என் படிப்பில் அவளுக்கு முதலில் இருந்த வேலை கடிகாரம் பார்ப்பதுதான். பக்கத்தில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டை உரித்தபடி, "இன்னும் பத்து நிமிஷம்ணா" என்பாள். பிறகு என் தோள்வழியே கேள்விகளை எட்டிப் பார்க்கத் தொடங்கினாள். பிறகு நான் குளிக்கப் போன நேரத்தில் போட்டுப் பார்க்கத் தொடங்கினாள். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணா, நானும் ஒண்ணு எழுதிப் பாக்கட்டா? ஒன் கணக்குலயேதான். தனியா எதுக்குச் செலவு..."

"தாராளமா எழுதும்மா."

சொன்னேனே! உண்மையான பிரியத்தோடுதான் சொன்னேன். அதை நீங்கள் நம்ப வேண்டும் என்று ஏன் இவ்வளவு தவிக்கிறேன்?

"இதுல தேறினா நெஜப் பரீட்சைக்கு அப்ளை பண்ணிடுவேன்ணா. எங்கயாச்சும் எடம் கெடச்சா, படிக்கப் போறேன்னு சொல்லிடலாம். இல்லன்னா என்ன சொல்லி இங்க உக்காந்திருக்கறது? அங்கியே போயிட வேண்டியதுதான்."

ஆக, எனக்குத் தெரியும். அந்த எண்ணில் என்ன தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு முழுக்கத் தெரியும்.

அவள் முதல் தேர்வு எழுதிய நாள் பௌர்ணமி. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் என்னவென்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனம். பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அத்தனை பேர் கையிலும் கைப்பேசி. பக்கத்துத் தெருவுக்குப் பேசினாலும் இணைப்பு கிடைக்காது. காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்பே உட்கார்ந்து அமுதா எழுதி முடித்துவிட்டாள். ஒரு தடங்கலும் இல்லை.

மறுநாள் காலை என் கைப்பேசி அதிர்ந்தது.

எண்பத்து மூன்று.

திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எண்பத்து மூன்று! முதல் தேர்வில்! அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே, எனக்குக் கடிகாரம் பார்த்து, என் பிள்ளைகளுக்கு டப்பா கட்டி, மிச்ச நேரத்தில் படித்தவள்!

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவள் வந்தாள். பின்னால் சாந்தி, தோசைக் கரண்டியோடு. "சொல்லுங்க சொல்லுங்க. அண்ணனா, தங்கச்சியா, யாரு ஜெயிச்சாங்கன்னு பாத்துடலாம்."

"எவ்ளோண்ணா?"

நான் எதையும் யோசிக்கவில்லை. திட்டமிடவில்லை. திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட என்னை ஓர் அயோக்கியன் என்று வகைப்படுத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வாய் தானாகத் திறந்தது.

"மார்க்கே வரலம்மா. நேத்து பௌர்ணமி இல்ல? நெட்டு மாட்டிகினு பாதி ஆன்சர் போய்ச் சேரல போலருக்கு."

அவள் உடனே நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? ஊரே எனக்குச் சாட்சி சொன்னது. "ஆமாண்ணா, நேத்து அண்ணி அவங்க அம்மாவுக்குப் பேசறப்பகூட கட்டாயிட்டே இருந்திச்சி." சாமி பார்க்க வந்த அத்தனை ஜனத்தையும் இழுத்து என் பொய்க்குள் நிறுத்திவிட்டேன்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மார்க் தாமதமாக வந்தது என்று சொன்னால் போயிற்று, எவ்வளவு எளிது! ஆனால் அந்த நாளை வரவில்லை. சாந்தியின் கரண்டியும் சிரிப்பும் கண்முன் வரும். அலுவலகத்துப் பையனின் 'சார்' காதில் விழும். குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். அடி அண்ணாமலையில் எங்கள் நிலத்தை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். அமுதாவுக்கு மிச்சம் இருந்தது உள்ளூர்க் கல்லூரி. இத்தனையையும் வாங்கிக்கொண்டு நான் முப்பத்தெட்டு... எதுவும் வாங்காதவள் எண்பத்து மூன்று!

இரண்டாவது முறை அவள் எழுதினாள். எழுபத்தொன்பது வந்தது. அது தேய்பிறைக் காலம். ஊர் காலியாகக் கிடந்தது, இணைப்பு குதிரையாக ஓடியது, சாக்குச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

"முப்பத்தஞ்சு," என்றேன்.

என்னைவிடக் கொஞ்சம் கம்மி. கவனித்தீர்களா? பொய்யிலும் அளவு பார்த்திருக்கிறேன்!

அவள் முகம் மாறவில்லை. "அவ்ளோதானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். சற்று நேரத்தில் மிக்ஸி ஓடியது. வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ஓடியது.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் சொல்லக் கூசுகிறது. நான் அவளைத் தேற்றினேன். உட்கார வைத்து, அழகழகாகப் பேசினேன். தோல்வி ஒரு மழை, நனைந்தவனுக்குத்தான் நிலத்தின் மணம் தெரியும் என்று... இதே வாயால்! என் வாழ்வில் அவ்வளவு நல்ல வாக்கியங்கள் எனக்கு வந்ததே இல்லை. அவள் கண்கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒனக்கு எப்பிடிண்ணா இப்பிடிப் பேச வருது?" என்றாள்.

அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். எனக்கு அடுத்து வந்தது நாற்பத்தாறு. ஏறிவிட்டேன்! இனிப்பு வாங்கி வந்தேன். அவள்தான் முதலில் எடுத்து என் வாயில் ஊட்டினாள்.

மூன்றாவது முறை அவள் எழுதும்போது பக்கத்தில் நானே உட்கார்ந்திருந்தேன், கடிகாரத்தோடு. விடையைத் தொடுவாள், பிறகு மாற்றுவாள், மறுபடி மாற்றுவாள். முதலில் தொட்டதுதான் சரி என்று சில இடங்களில் எனக்கே தெரிந்தது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. தனக்கு வராது என்று அவளுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டதே!

மறுநாள் வந்த எண் முப்பத்தாறு.

இந்த முறை நான் உண்மையைச் சொன்னேன். சொல்ல முடிந்தது. பொய்க்கு இனி வேலையே இல்லை. என் பொய்யை அவள் தன் கையாலேயே உண்மையாக்கித் தந்துவிட்டாள்.

விண்ணப்பிக்கக் கடைசி வாரத்தில் அவள் என்னிடம் வந்தாள். "பேசாம அப்ளை பண்ணிப் பாக்கட்டாண்ணா? நெஜப் பரீட்சைல ஒருவேள..." அந்த 'ஒருவேள'யில் ஒரு சிறிய சுடர் எரிந்தது. ஒரு 'சரி' போதும். உண்மையைக்கூடச் சொல்லியிருக்க வேண்டாம், வெறும் 'சரி' போதும்!

"ஏம்மா ஒன்ன நீயே வருத்திக்கற," என்றேன். அக்கறையான குரலில்.

தை பிறந்தது. செய்யாற்றிலிருந்து கேட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. நான் அந்தத் தேர்வை எழுதவில்லை. வேலூர் மையம் வரை போனேன். வாசலில் வரிசையைப் பார்த்தேன். எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சாந்தியிடம் தலைவலி என்றேன். அமுதா இப்போதும் அந்தக் கடையில் கணக்குப் பார்க்கிறாள். தீபாவளிக்குத் துணி எடுக்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டினார். அவள் நிறுத்திக்கொண்டாள். பழகிப்போன நிறுத்தல். நான் பட்டுப்புடவை ஒன்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதாவது சொல்லலாமே என்கிறீர்களா? சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும்? தன்னால் முடிந்திருக்கும் என்கிற எரிச்சலும், தன் அண்ணன் யார் என்கிற அறிவும். அவள் நன்மைக்காகத்தான் மௌனமாக இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதையும் அழகாகவே சொல்லிக்கொள்வேன். ஆனால் உங்களிடம் அழகு காட்டி என்ன ஆகப்போகிறது... எனக்குப் பயம். அவள் என்னை அண்ணா என்று கூப்பிடும் குரல் மாறிவிடுமோ என்கிற பயம். அவ்வளவுதான்!

அவள் கிளம்பிய காலை என்னை விட்டு விலகுவதாக இல்லை. நான்தான் வண்டியில் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அழைத்துப் போக அங்கிருந்து யாரும் வரவில்லை; கடையில் தை முகூர்த்தக் கூட்டம் என்றார்கள். ஜன்னலோரத்தில் இடம் போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். ஜன்னலுக்குக் கீழே நின்றேன்.

சொல், இப்போது சொல். அமுதா, எறங்கு, எண்பத்து மூணு வந்துச்சும்மா! தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நடத்துனர் விசில் ஊதினார். என்ஜின் உறுமியது. இந்தச் சத்தத்தில் கேட்காது என்று ஒரு சாக்கு எங்கிருந்தோ வந்து கை கொடுத்தது.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சிரிக்க முயன்றாள்.

"அண்ணா, நீ விட்டுடாத. நெஜப் பரீட்சைய எழுதிடு. மார்க்கு வந்தா மொதல்ல எனக்குத்தான் சொல்லணும். நீ கம்மியா வந்தா நெட்டு, நாற்காலின்னு எதையாவது அளப்ப, எனக்குத் தெரியும். என்கிட்ட மட்டும் உள்ளபடி சொல்லிடு. சொல்லுவியா?"

"சொல்றேம்மா," என்றேன்.