இன்று ஊரில் மௌத் இல்லை

பள்ளிவாசல் மைக் 'கர்ர்' என்றதும் இலியாஸ் பாயின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றுவிடுகின்றன. தொழுகை நேரமென்றால் கவலை இல்லை, பாங்கு சொல்வார்கள். நேரங்கெட்ட நேரத்தில் மைக் பேசினால்தான் பயம், யாரோ இறந்துபோன மௌத் செய்தியாக இருக்கும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்க்கிறார், சத்தம் அங்கிருந்து வருவது போல. மைக்கில் ஒருவர் தொண்டையைச் செருமுகிறார். வெள்ளாடு ஒன்றைக் காணோமாம். கண்டவர்கள் பள்ளிவாசலில் சொல்ல வேண்டுமாம். பாய் மூச்சை விடுகிறார்.

"ஆடுதான்" என்று எனக்கும் ஒரு தடவை சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்குகிறார்.

லப்பைகுடிக்காட்டில் பள்ளிக்கூட வேலை எனக்கு, குடியிருப்பது பெரம்பலூரில். சாயங்கால பஸ் தனக்குத் தோன்றும்போது வரும். அதுவரை காலை நீட்டி உட்கார இந்த ஊரில் எனக்கு வாய்த்த இடம் இலியாஸ் பாயின் கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு எஸ்.டி.டி. போன், மூன்று கம்ப்யூட்டர். மூன்றில் ஒன்று எப்போதும் பாய்க்கே சொந்தம். வாடிக்கையாளர் காத்துக்கொண்டு நின்றாலும் எழுந்து கொடுக்க மாட்டார்.

ஐம்பதை நெருங்கும் வயது. சவூதியில் ஒரு கட்டட கம்பெனியில் டைப்பிஸ்டாக இளமையைக் கழித்துவிட்டு, சர்க்கரை வியாதியோடும் முழுக்கைச் சட்டைகளோடும் ஊர் திரும்பியவர். ஏசி அறையில் மணிக்கட்டு வரை பட்டன் போட்ட பழக்கம், சித்திரை வெயிலிலும் போகவில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கடை முழுக்கத் தேடுவார். எனக்குப் பிடித்த கோணங்கித்தனம் இன்னொன்று உண்டு: ஜெராக்ஸுக்கு வருகிற எந்தத் தாளையும் படிக்காமல் மெஷினில் வைக்க மாட்டார். கல்யாணப் பத்திரிகை, மாட்டு லோன் மனு, பிள்ளையின் மார்க் ஷீட், எதுவானாலும் சரி. "பணிவுடன்னு ரெண்டு தடவ போட்டுருக்கீங்க. ஒண்ணு போதும்" என்று மனு கொண்டுவந்தவரிடம் சொல்லுவார். ஊரார் எழுதுவதையெல்லாம் படிக்கிற ஒரே மனிதர் அவர்தான். அவர் எழுதுவதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

எழுதினார், அதுதான் அவருடைய வியாதி. இரண்டாயிரத்து ஐந்தில் 'ஆற்றோரம்' என்று ஒரு வலைப்பூ தொடங்கினார். பாலைவனத்து நிலாவைப் பற்றி ஒரு கவிதை. மறுநாள் நோன்புக்கஞ்சி காய்ச்சும் பக்குவம். அடுத்த வாரம் ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதி. அப்புறம் இந்தியா உலகக் கோப்பையில் மண்ணைக் கவ்வியது, அரியலூர் மண்ணில் கிடைக்கும் நத்தை வடிவக் கல், கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால் என்ன செய்வது. ஒரே ஆள் ஒரு பலசரக்குக் கடையே நடத்தினார். வந்து போனவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரிலும் பாதி அவரே வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திறந்து பார்த்தது என்பது என் சந்தேகம்.

ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து முகம் தெரியாத ஒருவர் கீழே எழுதியிருந்தார்: 'நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் உங்கள் வலைப்பூவுக்கு ஒரு தெளிவான நோக்கம் இல்லை. யாருக்காக எழுதுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.'

நல்ல மனதோடு சொன்னதுதான். பாய்க்கு அது பல்லில் மாட்டிய நாராகிவிட்டது. "யாருக்காக எழுதறேன் சார்?" என்று என்னைக் கேட்டார். டீ கொண்டுவந்தவரைக் கேட்டார். வீட்டில் மனைவி சுல்தானாவைக் கேட்டார். சுல்தானா சோற்றை வடித்துக்கொண்டே, "எனக்கென்னங்க தெரியும். எனக்காக இல்ல, அது மட்டும் தெரியும்" என்றாராம். இதைச் சொல்லும்போது பாய் சிரித்தார், ஆனாலும் வலித்திருந்தது.

அதற்குப் பிறகு நோக்கம் தேடும் படலம். ஒரு மாதம் கல்லைப் பற்றியே எழுதினார். அரியலூர்ப் பக்கம் பஸ் ஏறிப் போய்ப் பள்ளத்தில் குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஒரு மாதம் சமையல். சுல்தானாவை அளவு கேட்டே நச்சரித்ததில் அந்த அம்மாள், "கை அளவுதான், வேணும்னா என் கையப் படம் புடிச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். சர்க்கரை வியாதிக் குறிப்புகளும் எழுதிப் பார்த்தார். அவராலேயே அவற்றைக் கடைப்பிடிக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் அவருக்கு ஆறாவது ஏழாவது நாளில் அலுத்துவிடும். பழையபடி நிலாவுக்கே போய்விடுவார்.

நோக்கம் கடைசியில் அவரைத் தேடி வந்தது, அவர் செய்த ஒரு பிழையின் வழியாக.

இந்த ஊரில் வெறும் பெயரால் யாரையும் அழைப்பதில்லை. அப்துல் சலாம் என்றால் எந்த அப்துல் சலாம் என்று கேட்பார்கள். சைக்கிள்கடை அப்துல் சலாம், ரங்கூனார் வூட்டு அப்துல் சலாம், ஆட்டுக்கால் அப்துல் சலாம் என்று பட்டப்பெயர் சொன்னால்தான் ஆள் பிடிபடும். மைக்கில் மௌத் செய்தி சொல்லும்போதும் அப்படியே சொல்வார்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆட்டுக்கால் அப்துல் சலாம் இறந்தபோது பாய்க்கு மனம் கேட்கவில்லை. நல்ல மனிதர், பழகியவர். வலைப்பூவில் நாலு வரி இரங்கல் எழுதினார். அச்சில் வருகிற மாதிரி எழுதும்போது ஆட்டுக்கால் என்று போடுவது மரியாதையாகப் படவில்லை. 'நம் ஊர்ப் பெரியவர் அப்துல் சலாம் அவர்கள் இன்று காலை வஃபாத்தானார்கள்' என்று கௌரவமாக முடித்தார்.

படித்த ஓரிருவர் வளைகுடாவில் வாய்வழியாகப் பரப்பிவிட்டார்கள் போல, ஒரு மணி நேரத்துக்குள் கடை போன் அலறத் தொடங்கியது. குவைத், தோகா, ஜித்தா என்று ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒவ்வொரு அப்துல் சலாமின் மகனும் மருமகனும் கூப்பிட்டார்கள். சைக்கிள்கடைக்காரரின் மகன் ஜமால் முகமது துபாயில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறான். அவன் முதலாளி காலில் விழாத குறையாக லீவு வாங்கி, டிக்கெட்டுக்கும் சொல்லிவிட்டு, அழுதுகொண்டே கூப்பிட்டான். அந்த நேரத்தில் சைக்கிள்கடைக்காரர் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கக் கடையில் நின்றுகொண்டிருந்தார். பாய் ரிசீவரை அவரிடமே கொடுத்துவிட்டார். "நான்தாம்ப்பா. உசுரோடதான் இருக்கேன். எதுக்கு அழுவுற?" என்று கேட்டார் அவர்.

பாய் அன்றைக்குச் சாப்பிடவில்லை. உடனே திருத்தி, பட்டப்பெயர், தெரு, இன்னாரின் தகப்பனார், இன்னாரின் மாமனார் எல்லாம் சேர்த்துப் போட்டார். வளைகுடாவிலிருந்து ஊரே திட்டப் போகிறது என்று பயந்துகொண்டிருந்தவருக்கு வந்ததோ வேறு. 'பாய், இனி யார் மௌத்தானாலும் இது மாதிரி விவரமாகப் போடுங்கள். எங்களுக்கு அடக்கம் முடிந்த பிறகுதான் தெரிகிறது. முன்பே தெரிந்தால் இங்கிருந்தே தொழுதுகொள்வோம்.' ஒருவர் இருவர் இல்லை, பக்கம் பக்கமாக அப்படி எழுதியிருந்தார்கள். 'ஆற்றோரம்' நிறைந்து வழிந்தது.

"பாத்தீங்களா சார், நோக்கம் வந்துருச்சு" என்றார் பாய். அவர் குரலில் சந்தோஷத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

கட்டுரையும் கவிதையும் நடுநடுவே வரட்டும் என்றுதான் அவர் நினைத்தார். அதற்கும் கொஞ்ச நாளில் முடிவு வந்தது. ஜமால் முகமதுதான் கூப்பிட்டான். தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை, தினமும் வேலை நடுவில் வலைப்பூவைத் திறந்து பார்க்கிறானாம். "புதுசா ஏதாச்சும் ஏறியிருக்குன்னு தெரிஞ்சாலே நெஞ்சு படபடங்குது பாய். தொறந்து பாத்தா நிலாவப் பத்தி எழுதியிருக்கீங்க. வேற எதும் எழுதாதீங்க பாய், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"அப்ப என் கட்டுரையெல்லாம்?" என்று பாய் கேட்டிருக்கிறார்.

"அத யாரு பாய் படிக்கிறா?"

குத்திக்காட்டச் சொன்னதில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது என்கிறார் பாய். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எனக்கும் அதைக் கேட்டபோது யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. யார் மேல் படுவது? அப்பனுக்கு என்ன ஆகுமோ என்று பயந்து கிடக்கிற பிள்ளை மேலா?

நிறுத்திக்கொண்டார். மௌத் நடந்தால் மட்டும் எழுதினார். பிறகு ஒருமுறை டிரான்ஸ்பார்மர் எரிந்து இரண்டு நாள் ஊரில் கரண்ட் இல்லை, வலைப்பூவில் அசைவில்லை. ஏதோ பெரிய துக்கத்தை மறைக்கிறார்கள் என்று வளைகுடாவில் வதந்தி கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு வரி போட வேண்டும் என்று ஏற்பாடு: 'இன்று ஊரில் மௌத் இல்லை.' அதன் கீழே 'அல்ஹம்துலில்லாஹ்', 'அல்ஹம்துலில்லாஹ்' என்று அல்லாவுக்கு நன்றி வரிசையாக வந்து விழும்.

"நாள் பூரா ஒக்காந்து யோசிச்சு எழுதனப்ப ஒருத்தனும் எட்டிப் பாக்கல. ஒண்ணும் இல்லன்னு எழுதறேன், ஊரே கூடி சந்தோசப்படுது" என்று ஒருநாள் கையை உதறினார் பாய்.

உங்கள் எழுத்துக்கென்று தனியாக இன்னொரு வலைப்பூ திறக்க வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். கெட்டிக்காரத்தனமான யோசனை என்றுதான் எனக்குப் பட்டது.

"தொறந்தேன் சார். யாரும் வரல. ஆளில்லாத வூட்ல போயி எவ்ளோ நேரம் சத்தமாப் பேசறது?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஊரெல்லாம் வேணாம் சார். ஒருத்தர் முழுசாப் படிச்சாப் போதும்" என்றார். நெற்றியில் இருந்த கண்ணாடியை மேஜையில் தேட ஆரம்பித்தார், நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் முகத்தை அப்போது நேராகப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

போன ஐப்பசியில் வெள்ளாற்றில் தண்ணீர் வந்தது. நான் கடைக்குப் போனபோது பாயின் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. மைக் அன்று முழுக்க பாங்கைத் தவிர எதற்கும் திறக்கவில்லை. பாய் உட்கார்ந்து வழக்கமான வரியை அடித்தார். அடித்துவிட்டுப் போஸ்ட் செய்யாமல் சும்மா இருந்தார். பிறகு விரல்கள் ஓடின. அந்த வேகத்தை நான் வெகு நாளாகப் பார்த்திருக்கவில்லை. முடித்ததும் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு வழி விட்டார். திரையில் இப்படி இருந்தது:

'இன்று ஊரில் மௌத் இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அதட்டிக் கரையேற்றிவிட்டு, அதட்டிய பெரியவர்களெல்லாம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நேற்று நாம் நடந்து போன தடத்தின் மேல் இன்று தண்ணீர் நடந்து போகிறது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே போக வந்தோம் என்பதே மறந்து நின்றவர்களில் நானும் ஒருவன்.'

"போடட்டுமா சார்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் போட்டுவிட்டார்.

எங்களுக்கு டீ வந்தது. பாதி குடிப்பதற்குள் போனும் வந்தது. பாய்க்கு ஒரு காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். ஜமால் முகமதின் குரல் இரைத்தது.

"பாய், நாலஞ்சு வரி போட்டுருக்கீங்களே. கடையில கூட்டம், அரையும் கொறையுமாத்தான் கண்ணுல பட்டுச்சு. தண்ணீர்னு இருக்கு, பிள்ளைகள்னு இருக்கு. யாரும் முங்கிட்டாங்களா பாய்?"

"இல்லப்பா. யாருக்கும் ஒண்ணுமில்ல. ஆத்துல தண்ணி வந்துருக்கு, அதத்தான் எழுதனேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"கோவிச்சுக்காதீங்க பாய். எம் மவ ஆஃப்ராவும் அந்த ஆத்துலதான் போயி வெளாடுது. ஒரு வரியோட நிறுத்திக்கங்க. இங்க எல்லாரும் வேலைக்கு நடுவுலதான் பாக்கறோம்."

"சரிப்பா" என்றார் பாய். "தப்புதான். எடுத்துடறேன்."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெளியே பெரம்பலூர் பஸ் வந்து நின்று ஆரன் அடித்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"சார், நீங்க முழுசாப் படிச்சிட்டீங்கள்ல?"

"படிச்சிட்டேன் பாய்."

"கடைசி வரி வரைக்கும்?"

"கடைசி வரி வரைக்கும்."

பாய் தலையை ஆட்டிக்கொண்டார். மவுஸைப் பிடித்து, முதல் வரியை விட்டுவிட்டு, மற்றதை அழித்தார்.