திருகாணி இறங்கும் வரை

ஆவணக் காப்பறையில் அவருக்கு இருபத்தாறு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல். கோப்பு ஒன்று விரல்கடை தள்ளி நின்றாலும் சோறு இறங்காது. முடிவெட்டுகிறவர் கடையை ஊரின் மறுகோடிக்கு மாற்றியபோது, இரண்டு பஸ் மாறிப் போய் அதே கத்திரிக்குத் தலையைக் கொடுத்தவர். அப்பேர்ப்பட்டவருக்கு வீட்டில் பட்டப்பெயர் ‘நகர்த்தி’. வைத்தவள் மனைவி, அக்கம்பக்கத்தில் பரப்பியவள் மகள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை காபி முடிந்ததும் நகர்த்தி எழுந்து நின்று அறையை ஒரு சுற்றுப் பார்ப்பார். கட்டிலுக்குக் கெட்ட நேரம் தொடங்கிவிடும். அது நான்கு திசையையும் பார்த்தாயிற்று. பீரோ ஒரு வருடம் குளியலறைச் சுவரோரம் நின்றது. விருந்தாளிகள் அவசரத்தில் அதைத் திறந்தார்கள். எதுவும் பிடிக்காமல் அவர் நகர்த்துவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் நன்றாக இருக்குமோ என்ற அரிப்புதான். மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. அதிகாலையில் விளக்குப் போடாமல் எழுந்து நடக்கிறவள். நேற்று அங்கே இல்லாத மேசையில் இடித்துக்கொண்டு இதுவரை இரண்டு தடவை சுண்டுவிரலை முறித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த லட்சணத்தில் சமையலறையைப் புதுப்பிக்கக் கிளம்பினார்கள். கேபினட்டுகளும் டைல்ஸ் பெட்டிகளும் ஒரே நாளில் கூடத்தில் வந்து இறங்கின. எது முதலில் என்பதுதான் கேள்வி. டைல்ஸ்காரர், தரையை முதலில் முடி என்றார்: சுவரிலிருந்து சுவர்வரை ஒட்டி, அதன்மேல் கேபினட்டை வைத்தால்தான் மட்டம் சுத்தமாக வரும். தச்சர் நேர்மாறு: கேபினட்டை நிறுத்திவிட்டு அதன் காலடிவரை டைல்ஸ் ஒட்டினால் போதும், கண்ணில் படாத இடத்துக்கு எதற்கு அலங்காரம்? புதுத் தரையில் சுத்தியல் விழுந்து விரிசல் விட்டால் யார் பதில் சொல்வது? இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நகர்த்திக்குத் தூக்கம் கெட்டதே அதனால்தான். டைல்ஸ்காரருக்குப் போன் போட்டு ‘சரி’ என்பார். பல் துலக்கிவிட்டு வந்து தச்சருக்கும் ‘சரி’ என்பார்.

மூன்றாம் நாள் டைல்ஸ்காரர் நேரில் வந்து, இவரைத் தேற்றுவதாக நினைத்து, மனைவி காதுபடச் சொன்னார்: “தரைய முதல்ல போட்டுட்டா உங்களுக்கு ஒரு கவலையும் இல்ல சார். நாளைக்கே அலுத்துப்போச்சுன்னா கேபினட்ட கழட்டி எந்தப் பக்கம் வேணும்னாலும் தள்ளிக்கலாம். அடியில தரை இருக்கும்.”

நகர்த்தியின் முகத்தில் விளக்கு எரிந்தது. மனைவி முகத்தில் அணைந்தது.

டைல்ஸ்காரர் போன பிறகு அவள் சண்டை போடவில்லை.

“கட்டில நீங்க மொட்டைமாடிக்குத் தூக்கிட்டுப் போனாலும் கேக்க மாட்டேன்,” என்றாள். “இந்த வீட்டுல ஒரே ஒரு இடத்துல, கைய நீட்டினா வெச்சது வெச்ச எடத்துல இருக்கணும். கேபினட்ட முதல்ல நிறுத்துங்க. சுத்தித் தரை போட்டுட்டா அப்புறம் உங்களால தள்ள முடியாது. தள்ளினா அடியில குழியாத்தான் இருக்கும்.”

“என் மேல நம்பிக்கை இல்லையா?”

“உங்க மேல இருக்கு. உங்க ஞாயித்துக்கிழமை மேலதான் இல்ல.”

அவர் அரை மணி நேரம் நடந்தார். பிறகு தச்சருக்குப் போன் போட்டார். அதோடு டைல்ஸ்காரருக்கும் போட்டு, ஒரு நாள் கழித்து வரச் சொன்னார்.

மறுநாள் மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு, பெரிய மனசு பண்ணி ஒரு சலுகையும் கொடுத்தாள். திருகாணி இறங்கும் வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம்; யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நகர்த்தி சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஜன்னலடிக் கேபினட்டில் கை வைத்தார். எடுத்தார். இங்கேயே நின்றுவிட்டால்? கட்டிலை அத்தனை சுலபமாகத் திருப்ப முடிந்தது, அடுத்த வாரம் மறுபடி திருப்பலாம் என்பதால். இது இருபது வருடத்துக்கு அசையாமல் நிற்கப்போகிற இடம். கூடத்துக்குப் போனார், வந்தார். தண்ணீர் குடித்தார். அளந்தார், அளந்ததை நம்பாமல் மறுபடி அளந்தார். வாழ்நாளில் முதல்முறையாக முழு அனுமதி கிடைத்த மனிதர், மதியம்வரை எதையும் ஓர் அங்குலம் அசைக்கவில்லை.

“எனக்கு நின்னா ஒண்ணும் இல்ல சார்,” என்றார் தச்சர். “மிஷினுக்குத்தான் சார்ஜ் இறங்குது.”

கடைசியில் மனைவியைக் கூப்பிட்டார். “நீயே சொல்லு. எங்க?”

அவள் அளக்கவில்லை. கண்ணை மூடி, ஓர் அடி முன்னால் வந்து கையை நீட்டினாள். “இங்க.” கேபினட் நாலு விரல் வலப்பக்கம் போகவேண்டியிருந்தது. அவர் தள்ளினார். தனக்கும் அப்படித்தான் பட்டது என்று ஒரு பொய்யும் சொன்னார்.

முதல் திருகாணி பாதி இறங்குவதற்குள் அவருக்குத் தோன்றிவிட்டது, மூன்று விரல் போதுமே என்று. வாயைத் திறந்தார். மனைவி கண்ணைத் திறக்காமல், நீட்டிய கையை எடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

தச்சர் அடுத்த திருகாணிக்குக் கை நீட்டினார். நகர்த்தியே அதைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார்.